இரண்டு பேட்டரி இருந்தால் 'இரட்டை' ஆகிவிடுமா?

பெட்ரோல் எஞ்சின் மாடல் விமானங்களின் பறப்புக் கூடலுக்குப் படிவம் தரக் கடைசி நாள் இந்த மாதம் 30. இறக்கை நீளம், எடை, எஞ்சின் எத்தனை சிசி என்பதையெல்லாம் தாண்டி வந்தால் ஒரு கேள்வி நிற்கிறது: 'மின் வழங்கல் ஒற்றையா, இரட்டையா?' வாசகர் கடிதங்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. "ரிசீவருக்கு ஒரு பேட்டரி, இக்னிஷனுக்கு ஒரு பேட்டரி வைத்திருக்கிறேன். இரட்டை என்று டிக் போடலாமா?" என்கிறார் ஒருவர். "பவர் பாக்ஸ் வாங்கிவிட்டேன், அட்டையிலேயே முழு இரட்டைப் பாதுகாப்பு என்று போட்டிருக்கிறதே, போதாதா?" என்கிறார் இன்னொருவர்.

முதலாமவர் டிக் போடக் கூடாது. அவருடைய இரண்டு பேட்டரிகளும் ஒன்றுக்கொன்று துணை இல்லை, தனித்தனி வேலை பார்க்கின்றன. ரிசீவர் பேட்டரி செத்தால் இக்னிஷன் பேட்டரி கைகொடுக்காது. விமானம் விழும் வரை எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாமவருக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் வாங்கிய பவர் பாக்ஸ், அதாவது மின்பங்கீட்டுப் பெட்டி என்பது பேட்டரி மின்சாரத்தை ரிசீவருக்குள் நுழைத்து எடுக்காமல், தடித்த ஒயரில் வாங்கி சர்வோக்களுக்கு நேரடியாகப் பிரித்துக் கொடுப்பது. ரிசீவரிலிருந்து அது வாங்குவது சிக்னலை மட்டும். ஜெர்மனியில் பவர்பாக்ஸ்-சிஸ்டம்ஸ், எம்கோடெக், அமெரிக்காவில் ஸ்மார்ட்-ஃப்ளை என்று பல நிறுவனங்கள் செய்கின்றன. விளம்பரங்கள் இதைப் பாதுகாப்புச் சாதனம் என்கின்றன. என்னைக் கேட்டால் இது முதலில் ஒரு ஒயரிங் வசதி. பாதுகாப்பு வருகிறதா என்பது உள்ளே எதை எதோடு இணைத்திருக்கிறார்கள், வெளியே நாம் எதைச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்தது.

வசதி தேவைப்படுவதற்குக் காரணம் ஆம்பியர். நூறு சிசி விமானத்தில் ஏலரானுக்கு நான்கு, எலிவேட்டருக்கு இரண்டு, ரட்டருக்கு ஒன்றிரண்டு, த்ராட்டிலுக்கு ஒன்று என்று சர்வோக்கள் நிறைந்திருக்கும். திணறும் நேரத்தில் பெரிய சர்வோ ஒன்றே 5 ஆம்பியர் இழுக்கும். குச்சியை மூலைக்குத் தள்ளி ஒரு ஸ்னாப் அடித்தால் அத்தனையும் ஒரே நொடியில் கேட்கும். சாதாரண மூன்று முள் சர்வோ பிளக் இதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. மூன்று, நான்கு ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் சூடாகும். ஒயரும் தன் பங்குக்குத் தின்னும். 22 கேஜ் எக்ஸ்டென்ஷன் ஒரு மீட்டர் போட்டால், போய்வரும் தூரம் இரண்டு மீட்டர். 5 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் அங்கேயே காணாமல் போகும். ரிசீவர் பக்கம் 3.5 வோல்ட் வாக்கில் இறங்கினால் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்கள் மயங்கிவிடும். ஆரம்பகால ரிசீவர்கள் சில, மயக்கம் தெளிந்து இணைப்பைப் பிடிக்கச் சில நொடிகள் எடுத்துக்கொண்டன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்றால் 80 மீட்டருக்கு மேல். மரம் அதற்கு முன்பே வந்துவிடும்.

விதிமுறைகள் இங்கே பெரிய உதவி இல்லை. பெரிய மாடல்களுக்கான சர்வதேச மினியேச்சர் விமானச் சங்கத்தின் பாதுகாப்பு விதி, 20 பவுண்டு வரை 1000 எம்ஏஎச், 40 பவுண்டு தாண்டினால் 2000 எம்ஏஎச் என்று குறைந்தபட்ச பேட்டரி அளவைச் சொல்கிறது. எம்ஏஎச் என்பது எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கு. ஒரே நொடியில் எவ்வளவு தர முடியும் என்பது வேறு கணக்கு. விமானம் விழுவது பெரும்பாலும் இரண்டாவதில். சர்வோக்களின் எண்ணிக்கைக்கும் சுமைக்கும் ஏற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த விதியே ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறது. ஆனால் எவ்வளவு கூட்டுவது என்பதை நம் தலையில் கட்டிவிட்டது.

இனி சுவிட்ச். இந்தப் பெட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இதுதான், பயமுறுத்துவதும் இதுதான்.

பழைய தள்ளு சுவிட்சில் மொத்த மின்சாரமும் சின்னத் தகடு ஒன்றின் மீது வழுக்கித்தான் போகும். பெட்ரோல் எஞ்சினின் அதிர்வு அந்தத் தகட்டை விடாது. எண்ணெய்ப் பிசுக்கு வேறு. ஒரு நாள் தொடர்பு விட்டால் கதை முடிந்தது. எலக்ட்ரானிக் சுவிட்சில் மின்சாரம் மாஸ்ஃபெட் வழியாக ஓடுகிறது. நாம் விரல் வைக்கும் சுவிட்ச், மாஸ்ஃபெட்டுக்குக் கட்டளை மட்டும் கொடுக்கிறது. அந்தக் கட்டளை 'அணை' என்பதுதான். ஓடுவதற்குக் கட்டளையே வேண்டாம். சுவிட்ச் ஒயர் அறுந்தாலும், பிளக் கழன்றாலும், சுவிட்சே உடைந்து சிதறினாலும் 'அணை' என்று சொல்ல ஆள் இல்லை, ஆகவே ரிசீவர் உயிரோடிருக்கும். வேறு சில தயாரிப்புகள் கடைசி நிலையை நினைவில் வைத்துக்கொள்கின்றன. பறக்கும்போது கடைசி நிலை 'ஆன்' என்பதால் பலன் ஒன்றே. கெட்டுப்போவதைத் தடுப்பதை விட்டுவிட்டு, கெட்டால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள். இதை யோசித்தவருக்கு ஒரு சபாஷ்.

இக்னிஷனுக்கு நியாயம் தலைகீழ். அங்கே சந்தேகம் வந்தால் எஞ்சின் நிற்க வேண்டும். அதனால்தான் இக்னிஷன் கில் சுவிட்ச், ரிசீவரிலிருந்து சரியான சிக்னல் வந்துகொண்டிருக்கும் வரை மட்டுமே மின்சாரத்தை விடும். சிக்னல் நின்றால் தீப்பொறி நிற்கும். நல்ல கில் சுவிட்ச்களில் கட்டளை ஒயரில் போவதில்லை, ஒளியில் போகிறது: ஒரு பக்கம் எல்.இ.டி., மறுபக்கம் அதைப் பார்த்துத் திறக்கும் டிரான்சிஸ்டர். ஸ்பார்க் பிளக்குக்காக ஆயிரக்கணக்கான வோல்ட் எழுப்பும் பகுதிக்கும் ரிசீவருக்கும் நடுவில் செம்புத் தொடர்பே இருக்காது. ஒயர் வழியே இரைச்சல் நுழைய வழியில்லை.

ஆக ஒரே விமானத்துக்குள் இரண்டு சுவிட்ச்கள். ஒன்று பழுதானால் 'ஆன்' பக்கம் சாய வேண்டும், மற்றது 'ஆஃப்' பக்கம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதே கறுப்பு பிளாஸ்டிக், அதே மூன்று ஒயர். "மிச்சம் கிடந்த ரிசீவர் சுவிட்சை இக்னிஷனுக்கு மாட்டிவிட்டேன், நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதியிருக்கும் வாசகருக்கு: ஐயா, இன்றே கழற்றுங்கள். அது எலக்ட்ரானிக் சுவிட்சாக இருந்தால், பிளக் கழன்ற அன்று நீங்கள் அணைத்துவிட்டதாக நினைத்து புரொப்பெல்லரில் கை வைப்பீர்கள். இக்னிஷன் விழித்திருக்கும்.

மேசை மேலேயே சோதிக்கலாம். முதலில் புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். ரிசீவரை ஆன் செய்து, பெட்டியிலிருந்து சுவிட்ச் பிளக்கை உருவுங்கள். விளக்கு எரிந்தபடி இருக்க வேண்டும், குச்சியை அசைத்தால் எலிவேட்டர் அசைய வேண்டும். அடுத்து, கில் சுவிட்சை ஆன் செய்து அதன் சிக்னல் பிளக்கை ரிசீவரிலிருந்து உருவுங்கள். அதன் விளக்கு உடனே அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்தச் சாதனத்தைக் கில் சுவிட்ச் என்று அழைக்காதீர்கள். மேலே சொன்ன சங்கம், ரேடியோ உதவியில்லாமல் கையால் இக்னிஷனை அணைக்கும் சுவிட்சையும் கேட்கிறது, டிரான்ஸ்மிட்டரிலிருந்து எஞ்சினை நிறுத்த ஒரு வழியையும் கேட்கிறது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று அர்த்தமில்லை.

சரி, 'முழு இரட்டைப் பாதுகாப்பு'? பேட்டரியில் விரலை வைத்து சர்வோ வரை ஒயரைத் தடவிக்கொண்டே போங்கள். இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச், இரண்டு ரெகுலேட்டர் வரை சரி. அதற்குப் பிறகு எல்லாம் ஒரே சர்க்யூட் பலகையில் வந்து சேர்கிறது, பெரும்பாலும் ஒரே ரிசீவருக்குப் போகிறது. எலிவேட்டருக்கு ஒரே சர்வோ என்றால் அதற்கு இரட்டை ஏது? அட்டையில் அச்சிட்டிருக்கும் பெரிய ஆம்பியர் எண்ணும் பலகை தாங்கும் அளவுதான். அதில் சர்வோ பிளக் வழியாகப் பேட்டரியைச் செருகினால் பிளக் தாங்கும் அளவுதான் கிடைக்கும். என் கணக்கில், எந்த ஒரு பேட்டரியை உருவினாலும் எல்லாச் சர்வோக்களும் தொடர்ந்து இயங்கினால் 'இரட்டை' என்று எழுதலாம். அதற்கு மேல் பெட்டி சொல்வதெல்லாம் விற்பனைப் பேச்சு.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே டயோடு வேண்டுமா? ஒரு பேட்டரி உள்ளே ஷார்ட் ஆனால் மற்றதையும் குடித்துவிடும், ஆகவே வேண்டும். ஷாட்கி டயோடு சில பத்தில் ஒரு வோல்ட்டைத் தின்னும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

லைஃப் பேட்டரியா, லிப்போவா? 6 வோல்ட் சர்வோவாக இருந்தால், முழு சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும் இரட்டை செல் லிப்போவை ரெகுலேட்டர் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

பறந்து முடிந்ததும் சுவிட்சை அணைத்தால் போதுமா? போதாது, எலக்ட்ரானிக் சுவிட்ச் அணைந்திருந்தாலும் கொஞ்சம் மின்சாரம் கசியும், பேட்டரி பிளக்கைக் கழற்றுங்கள்.

இருபது, முப்பது சிசி விமானத்துக்குப் பெட்டி வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம்; நல்ல ரிசீவரில் இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச் போதும்.

இக்னிஷனுக்கும் ரிசீவர் பேட்டரியிலிருந்தே எடுக்கலாமா? வடிகட்டியுடன் வரும் அதற்கான சாதனத்தோடு எடுக்கலாம். வெறும் ஒயரில் எடுக்கக் கூடாது.

வகைச் சான்றிதழ் தேவையா? 25 கிலோவுக்குள், பொழுதுபோக்குக்காக, கண் பார்வைக்குள் பறக்கும் மாடலுக்கு 2021 ட்ரோன் விதிகள் அதைக் கேட்கவில்லை.

ரிசீவருக்கு ஒன்று, இக்னிஷனுக்கு ஒன்று வைத்திருப்பவர் படிவத்தில் என்ன எழுதுவது? 'ஒற்றை'. அப்படி எழுதுவதால் யாரையும் திருப்பி அனுப்பப் போவதில்லை என்று அதே படிவத்தின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது.