தடையற்ற வணிகம்: யாருக்கு வரவு, யாருக்குச் செலவு?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் மளிகைக் கடைகளில் தேங்காயெண்ணெயும் பாமாயிலும் அருகருகே விற்பனைக்கு இருக்கின்றன. முன்னது நம் தோப்புகளின் விளைவு. பின்னது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலேறி வருவது. அயல்நாட்டுச் சரக்கின் விலையை உயர்த்தி நிறுத்துவது சுங்கவரி. அவ்வரியை நாடுகள் தமக்குள் பேசிக் குறைத்துக்கொள்வதே தடையற்ற வணிக ஒப்பந்தம்.

இந்தியாவும் ஆசியான் நாடுகளும் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் இத்தகைய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அது 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அதற்கு முன்னரே, 2009 அக்டோபர் 2 அன்று, காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி அமைத்துப் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

அந்த அச்சத்தின் காரணம் எளிது. வரி குறைவதால் வரும் நன்மை பலருக்குச் சிறிது சிறிதாகப் பகிரப்படுகிறது. இழப்போ சிலர்மீது மொத்தமாக விழுகிறது. எண்ணெய் வாங்கும் குடும்பத்துக்குச் சில ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் கடன் பெற்று மிளகுக்கொடி நட்டு, ஆண்டுக்கணக்கில் காய்ப்புக்குக் காத்திருக்கும் விவசாயி, விலை சரிந்தவுடன் வேறு பயிருக்கு மாறிவிட இயலாது.

இதனை உணர்ந்தே பொருள்கள் வகைப்படுத்தப்பட்டன. இயற்கை ரப்பர் வரிக்குறைப்பிலிருந்து விலக்கப்பட்டது. மிளகின் வரியை 70 விழுக்காட்டிலிருந்து 50 ஆகவும், காப்பி, தேயிலை ஆகியவற்றின் வரியை 100 விழுக்காட்டிலிருந்து 45 ஆகவும் 2019 இறுதிக்குள் படிப்படியாகக் குறைக்க இசைவு ஏற்பட்டது. ஒப்பந்தம் குறிப்பது வரியின் உச்சவரம்பையே. அதற்கும் கீழே குறைக்க அரசுக்குத் தடையில்லை. கச்சா பாமாயிலுக்கான வரியை 2008இலேயே மத்திய அரசு தானாக நீக்கியிருந்தது. ஆகவே விலைச் சரிவு ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தையே பொறுப்பாக்குவது முறையன்று.

மற்றொரு சிக்கல், சரக்கின் பிறப்பிடம். இலங்கையுடன் 2000 மார்ச் முதல் நமக்குத் தனி ஒப்பந்தம் உண்டு. வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் சலுகை பெற்று நுழைவதாக விவசாயிகள் முறையிட்டனர். 2017 டிசம்பரில் மத்திய அரசு மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது.

வாசல் இருபுறமும் திறக்கும் என்பதையும் மறத்தலாகாது. ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்நாட்டுச் சந்தையில் நம் பொருள்கள் பலவற்றுக்கு வரிச்சலுகை கிடைக்கிறது. ஆனால் சலுகை தானாக வந்து சேராது. ஏற்றுமதியில் ஈடுபடும் வாடிக்கையாளர்கள் விலை பேசுமுன் மூன்றைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்: தம் பொருளின் சுங்க வகைப்பாட்டு எண், அதற்குரிய சலுகை வரி, அச்சலுகையைப் பெறத் தேவையான பிறப்பிடச் சான்றிதழ்.

ஒப்பந்தம் நல்லதா, தீயதா என்று பொதுப்படக் கேட்பதைவிட, நம் பொருள் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்பதே பயன் தரும். கடன் வாங்கிப் பயிரிடுவோரும் தொழில் தொடங்குவோரும் அக்கேள்வியை முதலிலேயே கேட்டுக்கொள்வது நலம்.