பாம்பு நஞ்சில் கிடைத்த நரம்புப் புரதம்

தந்தைக்குக் கால் மரத்துப்போகிறது, 'நரம்பை வளர்க்கும் புரதம்' என்று விளம்பரத்தில் வரும் மாவை வாங்கிக் கொடுக்கலாமா என்று ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். வேண்டாம் என்பதுதான் பதில். ஆனால் நரம்பை வளர்க்கும் புரதம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது அகப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை.

கருவில் நரம்பணுக்கள் தேவைக்கு மேல் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் தன் இழையை நீட்டித் தோலையோ உள்ளுறுப்பையோ தேடிப் போகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் திசு சுரக்கும் புரதமோ மிகச் சொற்பம். நாங்கள் முன்பு குடியிருந்த தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். வரிசையில் எத்தனை குடங்கள் நின்றாலும் லாரியில் இருப்பதுதான் கணக்கு. பின்னால் நின்றவர்கள் வெறுங்குடத்தோடு திரும்புவார்கள். நரம்பணுக்களுக்கு அந்தத் திரும்புதலும் இல்லை. புரதம் கிடைக்காதவை தம்மைத்தாமே அழித்துக்கொள்கின்றன. சில பகுதிகளில் ஏறக்குறையப் பாதி இப்படி மடியும். உறுப்பின் அளவுக்கேற்ற நரம்புகள் மட்டும் மிஞ்சுகின்றன.

இந்தச் சாவை உற்றுப் பார்த்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ரீட்டா லெவி-மோண்டால்சினி. 1938இல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றின. யூதரான அவர் தன் படுக்கையறையையே ஆய்வகமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகள் செய்து, கோழிக் கருவில் உறுப்பாக வளரவிருந்த மொட்டை வெட்டி எடுத்துப் பார்த்தார். நரம்பணுக்கள் பிறக்காமல் போகவில்லை. பிறந்து, வளர்ந்து, பிறகு செத்தன. குண்டுகள் விழுந்த காலத்தில் செய்த வேலை இது.

1947இல் கருவியல் ஆய்வாளர் விக்டர் ஹாம்பர்கர் அவரை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்கு அழைத்தார். அங்கே எலியின் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் ஒட்டியபோது நரம்பிழைகள் கட்டிக்குள் வெறிகொண்டு பாய்ந்தன. கட்டி எதையோ சுரக்கிறது. எதை? 1953இல் வந்து சேர்ந்த உயிர்வேதியியலர் ஸ்டான்லி கோஹன் அதைப் பிரித்தெடுக்க முனைந்தார்.

நான் திரும்பத் திரும்ப நினைத்து வியப்பது இதற்கு அடுத்த கட்டத்தை. அந்தப் பொருள் நியூக்ளிக் அமிலமா, புரதமா என்று தெரிய வேண்டும். நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி பாம்பு நஞ்சில் உண்டு. ஆகவே கோஹன் கட்டிச் சாற்றில் நஞ்சைக் கொஞ்சம் சேர்த்தார். நரம்பிழைகள் குறையவில்லை, முன்பைவிட அடர்ந்து வளர்ந்தன. கட்டிச் சாறே இல்லாமல் நஞ்சை மட்டும் வைத்தார். அப்போதும் வளர்ந்தன. கட்டியில் இருந்ததைவிடப் பன்மடங்கு வீரியமாய் அந்தப் புரதம் நஞ்சிலேயே இருந்தது! பாம்பின் நச்சுப்பை என்பது மாற்றம் பெற்ற உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்று யோசித்து எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தார். ஆண் எலிகளில் அது கொட்டிக் கிடந்தது. அதை முடக்கும் எதிர்ப்பொருளைப் புதிதாய்ப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது பரிவு நரம்பு மண்டலம் கிட்டத்தட்ட முழுதாய் அழிந்தது. அதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

1986இல் ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வழிதிறந்த ஹாம்பர்கருக்குக் கிடைக்கவில்லை. அது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

இனி அந்த மாவு. வாய்வழியே போகும் புரதத்தை வயிறும் குடலும் அமினோ அமிலங்களாக உடைத்துவிடும். பருப்பானாலும் அதே கதிதான். நரம்பு வளர்ச்சிக் காரணி எனப்படும் அந்த உண்மையான புரதத்தையே 1990களின் இறுதியில் நீரிழிவு நரம்புப் பாதிப்புக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்ற சோதனை பயன் காட்டவில்லை. ஊசி போட்ட இடத்தில் வலிதான் வந்தது, ஏனென்றால் வலி நரம்புகளைக் கூர்மையாக்குவதும் இதே புரதம்தான். இன்று அது மருந்தாக நிலைபெற்றிருப்பது கண்ணில்: விழிவெண்படலத்தின் நரம்புகள் செயலிழந்தவர்களுக்கான சொட்டு மருந்தாக அதற்கு 2018இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற அறிவை டப்பாவின் மேல் ஒட்டி விற்பதும், சுவரெங்கும் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதிப் பயமுறுத்துவதும் நோயாளியின் காசைப் பறிப்பதோடு நிற்பதில்லை. சிகிச்சைக்குரிய காலத்தையும் பறிக்கின்றன.

அம்மா, மாவுக்கு வைத்த பணத்தில் தந்தைக்கு இரத்தச் சர்க்கரையும் வைட்டமின் பி12 அளவும் பரிசோதியுங்கள். பாதத்தில் புண் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.