கடலோர விடுமுறையில் ஓலை வியாபாரம்

1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட முல்லைத்தீவு முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளத்தில் குடியேறின. யுத்தம் 2009இல் முடிந்தது. இப்போது பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அந்தக் கடற்கரைக்குப் போய்வரலாம். பனையோலைப் பெட்டி இழைத்து வாட்ஸ்அப்பில் விற்பவரா நீங்கள்? அந்த ஒரு வாரம் வியாபாரத்தை நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் இழைப்பு வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கடற்காற்றின் ஈரம் ஓலைக்கு ஆகாது. ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வாங்கியவர் பிரிக்கும்போதுதான் கரும்புள்ளி தெரியும். பிறகு மன்னிப்புக் கேட்டு என்ன பயன்? முடித்தவற்றை நன்கு காயவைத்து, துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். படத்தைக் காலை வெளிச்சத்தில் எடுங்கள். உச்சி வெயிலில் சாயம் வெளிறித் தெரியும்.

ஞாயிறும் போயா தினமும் தபாலகம் மூடியிருக்கும். கலண்டரைப் பார்த்தே திகதி சொல்லுங்கள். கலியாண வீட்டுக்கு ஐம்பது பெட்டி கேட்டு யாராவது அவசரப்படுத்தினால் முன்பணம் வாங்காதீர்கள். ஊர் திரும்பிய பின் என்று சொல்லிவிடுங்கள். மனம் கேட்காதுதான்! ஆனால் விடியற்காலையில் கரைவலை இழுப்பதைப் பிள்ளைகளுக்கு யார் காட்டுவது? போனை மஃரிபுக்குப் பிறகு எடுத்தால் போதும்.