ஊர்கூடி எழுதும் மென்பொருள்

திறந்த மூல மென்பொருள் ஆக்கத்தினை ஊர்கூடித் தேர் இழுப்பதற்கு ஒப்பிடுவோர் பலர். மூலநிரல் யாவர்க்கும் திறந்திருத்தலால் அதனை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். அங்ஙனமாயின், வடம் பிடிக்கும் கைகள் உண்மையில் எத்தனை?

இதனை எண்ணிப் பார்த்தே விடை கண்டவர் ஆட்ரிஸ் மோக்கஸ், ராய் பீல்டிங், ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப் ஆகிய மூவர். அவர்தம் ஆய்வுக் கட்டுரை 2002-இல் வெளிவந்தது. அவர்கள் ஆராய்ந்தவற்றுள் ஒன்று அப்பாச்சி. இணையப் பக்கங்களைக் கேட்போர்க்கு அனுப்பிவைக்கும் மென்பொருள். 1995-இல் எட்டுப் பேர் தத்தம் திருத்தங்களைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியதால் பிறந்தது அது. பீல்டிங்கும் அந்நிறுவுநருள் ஒருவரே. வெவ்வேறிடங்களில் வாழ்ந்த அவர்கள் மின்னஞ்சலிற் கூடிப் பேசினர். மூவர் இசைந்து, ஒருவரும் மறுக்காதபோதே ஒரு மாற்றத்தை ஏற்றனர்.

அலுவலகமொன்றில் இருவர் தேநீர் அருந்தியவாறே எடுக்கும் முடிவு எங்கும் பதிவாவதில்லை. இங்கோ அனைத்தும் எழுத்தில் உள்ளன. எவ்வரியை எவர், என்று மாற்றினார் என்பதும், எப்பிழையை எவர் சுட்டினார் என்பதும் கல்வெட்டுப்போல் நிலைத்துள்ளன. அவற்றைக் கணக்கிட்டே அவர்கள் பணியின் அமைப்பினை வரைந்தனர்.

கண்டதென்ன? நிரலுக்குப் பங்களித்தோர் ஏறத்தாழ 400 பேர். ஆயினும் சேர்க்கப்பட்ட வரிகளுள் 88 விழுக்காடு 15 பேரின் கைப்பணியே! பிழைகளைத் தெரிவித்தோரோ 3,060 பேர். நடுவே ஆக்குவோர் சிலர். சூழத் திருத்துவோர் பலர். புறத்தே குறை கூறுவோர் மிகப்பலர். குறை கூறுதலை நாம் எளிதாக எண்ணுகின்றோம். ஈண்டு அதுவே தொண்டாகின்றது.

புறவட்டம் வளராத திட்டம் புதியன படைக்கும். ஆனால் பிழை காணவும் களையவும் ஆளின்றி வீழும் என்று அவ்வாய்வாளர் கருதினர். இக்கருத்தின் கூர்மையைப் பின்னாளில் ஓப்பன்எஸ்எஸ்எல் உணர்த்திற்று. இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொற்களையும் வங்கிச் செய்திகளையும் பிறர் அறியாவண்ணம் மறைத்துக் காக்கும் மென்பொருள் அது. 2012-இல் வெளியான அதன் பதிப்பொன்றிற் புகுந்த பிழை, 'ஹார்ட்பிளீட்' என்னும் பெயரால் 2014 ஏப்ரலிலேதான் உலகறிய வெளிப்பட்டது. நிரல் ஈராண்டுகளும் திறந்தே கிடந்தது. நோக்கிய கண்கள்தாம் சில. பயன்கொண்ட பெருநிறுவனங்கள் பலவாக இருந்தும், அதற்கென முழுநேரம் உழைத்தவர் அந்நாளில் ஒருவரே. அந்நிறுவனங்கள் கூடிப் பொருளுதவி செய்ய முன்வந்தது பிழை வெளிப்பட்ட பின்னர்தான்.