ஜீப் இஞ்சின் திக்கினால் செய்யத்தக்கவை

1941-ஆம் வருஷம் யுத்தத்திற்கென்று செய்யத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பும், அதன் வழிவந்த பழைய பெட்ரோல் வண்டிகளும் தாயில்பட்டி போன்ற ஊர்களின் கரடுமுரடான பாதைகளுக்கு ஏற்றவை. ஆயினும் நாளடைவில் இஞ்சின் திக்குவதுண்டு. அங்கத்தினர்கள் உடனே புதிய சாமான் வாங்கிப் பணத்தை விரயம் செய்யலாகாது. குறை பெட்ரோலிலா, பொறியிலா என்று முதலில் அறிதல் வேண்டும்.

மேடேறுகையிலும் வேகத்திலும் மட்டும் திக்கினால், பெரும்பாலும் பெட்ரோல் போதிய அளவு வரவில்லை. டாங்கி மூடியைத் தளர்த்திப் பார்க்கவும். இஞ்சின் சீர்பட்டால் மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தது என்று கொள்க. சீர்படாவிடில் வடிகட்டியில் நீரும் துருவும் உள்ளனவா என்று பார்க்கவும்.

வண்டி நிற்கையிலும் ஒரே சீராகத் திக்கினால், ஒரு சிலிண்டரில் பொறி விழாதிருக்கலாம். இஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதன் நுனி இஞ்சினைத் தொடுமாறு வைத்து மீண்டும் ஓட்டவும். ஒவ்வொன்றாக இவ்வாறு செய்கையில், எதனைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ அச்சிலிண்டரிலேயே குறை. வில்லிஸ் இஞ்சினில் பிளக்கின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பாகம். டிஸ்டிரிபியூட்டர் பாயிண்டின் இடைவெளி 20 பாகம்.

இச்சோதனையில் பொறி பறக்கக்கூடும். ஆகையால் பட்டாசு ஆலை, மருந்துக் கிடங்கு இவற்றின் அருகில் ஒருபோதும் செய்யலாகாது. வண்டியைத் தொலைவிலுள்ள வெட்டவெளிக்குத் தள்ளிச் சென்று, சிந்திய பெட்ரோல் நன்கு உலர்ந்த பின்னரே தொடங்குக. சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் உயிரைப் பணயம் வைத்தல் தகாது.