மண்ணின் உயிரைக் கணக்கிடும் ரசாயனம்

மணப்பாறையைத் தாண்டித் திண்டுக்கல் செல்லும் சாலையில் உள்ள வையம்பட்டிப் பிரதேசத்தின் மானாவாரி நிலங்களில், மேலே செம்மண்ணும் கீழே கடினப் பாறையுமாக அமைந்த பூமியையும், அப்பாறையைத் துளைத்து இறங்கும் ஆழ்குழாய்க் கிணறுகளையும் காண்கிறோமே தவிர, அந்த மண்ணில் ஒரு கிராமுக்குள்ளேயே கோடிக்கணக்கான சூக்ஷ்ம ஜீவராசிகள் வாழ்ந்து, தழையையும் சாணத்தையும் மக்கச் செய்து, பயிருக்கு ஆகாரமாக்கித் தருகின்றன என்பதை நினைப்பதில்லை.

இவற்றைக் கணக்கிடுவது எளிதன்று. மண்ணைக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஊட்டமிட்டு வளர்க்கும் பழைய முறையில், பெரும்பாலான இனங்கள் முளைப்பதே இல்லை. ஆகவே, உயிர்களை வளர்க்காமலே அவற்றின் அங்கத்தைக் கொண்டு அளக்கும் உபாயத்தை, டேவிட் வைட் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1970-களில் உருவாக்கினார்கள். ஒவ்வோர் உயிரணுவையும் போர்த்தியிருக்கும் சவ்வில் பாஸ்பேட் கலந்த கொழுப்பு உண்டு. உயிரணு மடிந்தால் அந்தப் பாஸ்பேட் விரைவில் கழன்றுவிடும். எனவே மண்ணில் கழலாமல் கிடைக்கும் பாஸ்பேட்டுக் கொழுப்பின் அளவே, அங்கு உயிரோடிருக்கும் கூட்டத்தின் அளவாகும்.

தோண்டியெடுத்த மண்ணை உடனே உறையவைத்து, பின்னர் குளோரோபாரமும் மெத்தனாலும் கலந்து கொழுப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். 1959-இல் கனடாவில் பிளை, டையர் என்னும் இருவர் மீனின் கொழுப்பை எடுப்பதற்கு வகுத்த முறையே இதற்கு ஆதாரம். பிரித்த கொழுப்பு அமிலங்களை வாயு நிறச்சாரல் கருவியில் செலுத்தினால், ஒவ்வொன்றும் தனித்தனியே வெளிப்படும். கிளைவிட்ட அமிலங்கள் பெரும்பாலும் ஒருவகைப் பாக்டீரியாவையும், லினோலெயிக் அமிலம் பூஞ்சையையும், வேறு சில ஆக்டினோமைசீட்டுகள் என்னும் நுண்ணுயிர்களையும் சுட்டும். இனத்தின் பெயரை இம்முறை சொல்லாது. லினோலெயிக் அமிலம் செடியின் வேரிலும் இருப்பதால், அது பூஞ்சையையே சுட்டுகிறது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. கொழுப்பின் அமைப்பே வேறுபட்ட ஆர்க்கியா என்னும் உயிர்களும் இதில் அகப்படா. அத்தகைய இடங்களில் மரபணுச் சோதனை துணை செய்யும்.

மேல்மண்ணில் மட்டுமன்றி, பாறையின் ஆழத்திலும் ஜீவன் உண்டு. 1967 டிசம்பரில் பெரும் பூகம்பம் கண்ட மகாராஷ்டிரக் கோயனாவில் துளையிட்டெடுத்த பாறைத் துண்டுகளில், கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர் மரபணுச் சோதனையால் நுண்ணுயிர்களைக் கண்டனர்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து உட்பட 12 அம்சங்களைக் குடியானவனுக்கு எடுத்துச் சொல்கிறது. மண்ணில் வாழும் உயிர்க்கூட்டத்தின் அளவு அவற்றுள் ஒன்றாக இல்லை. உரத்தின் கணக்கோடு உயிரின் கணக்கையும் உழவர் பெறுவதற்கு, நம் ஆய்வுக்கூடங்கள் ஆவன செய்ய வேண்டும்.