வீட்டுத் தடாகத்தில் நீலோற்பலம்

தெமட்டகொடைப் பகுதி இயல்பாகவே நீர் தங்கும் தாழ்நிலமாகும். அங்குள்ள கால்வாயும் கொழும்பைச் சூழ்ந்த சதுப்புகளும் நகரின் மழைவெள்ளத்தை ஏந்தி வடியச் செய்வன. இத்தகைய நீர்நிலைகள் உடைமையாலேயே 2018ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்க் கொழும்பு ஈரநில நகரமென ஏற்கப்பட்டது. இவ்வீரமண்ணிற் சிறு தடாகம் அமைத்து மலர் வளர்க்க விரும்புவார்க்கு நீலோற்பலம் மிகப் பொருத்தமானது. ஆயின், நீலோற்பலமென நடப்படுவது உண்மையில் அதுதானா என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

சிங்களத்தில் ‘நில் மானெல்’ எனப்படும் இம்மலர் 1986ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. தாவரவியலார் இதனை நிம்பேயா நூச்சாலி என்பர். ஆம்பல் இரவில் அலர்வது. இதுவோ காலையில் விரிந்து பிற்பகலிற் குவிவது. இதன் இதழ்கள் வெளிறிய நீலநிறமுடையன. பல இடங்களில் இதன் பெயரால் வழங்கும் அடர்ந்த ஊதாமலர் வேறொன்றாகும். அது மேற்கு ஆபிரிக்காவுக்குரிய நிம்பேயா மைக்கிராந்தாவின் வழிவந்த கலப்பினமென இலங்கைத் தாவரவியலார் ஆராய்ந்து கண்டுள்ளனர்.

ஊதாமலரும் அழகுடையதன்றோ, அதனை வளர்த்தலால் வருங் குறை யாது எனின், அது விரைந்து பரவி, நாட்டுக்குரிய இனத்தின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும் என்க. அழகுக்காகக் கொணரப்பட்ட ஆகாயத்தாமரை நீர்நிலைகளை அடைத்தமையால், அதனை ஒழித்தற்கு 1909ஆம் ஆண்டிலேயே இலங்கையிற் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

இனி, வளர்க்கும் முறையை நோக்குவோம். வாயகன்ற தொட்டியிற் களிமண்ணை நிரப்பி, கிழங்கின் முளை வெளியே தோன்றுமாறு நடுதல் வேண்டும். மண் கலங்காதிருக்க மேலே பருமணல் பரப்புக. பச்சைச் சாணம் இடலாகாது. அது நீரைக் கெடுத்துப் பாசியைப் பெருக்கும். முதலில் ஆழங் குறைந்த நீரில் வைத்து, இலைகள் நீண்டபின் ஓரடி முதல் ஒன்றரை அடி ஆழத்திற் தொட்டியை இறக்கலாம். நாள்தோறும் ஐந்தாறு மணிநேர வெயில் இன்றியமையாதது. நிழலில் இலை தழைக்குமேயன்றிப் பூ அரிதாகும். இலைகள் நீர்ப்பரப்பிற் பாதிக்குமேல் மூடினால் முதிர்ந்தவற்றைக் களைதல் நன்று. தேங்கிய நீரில் நுளம்பு பெருகாதவாறு புழுக்களை உண்ணும் சிறுமீன்களை விடுதலும் கடமையாகும்.

களைந்த கொடியையும் கிழங்கையும் கால்வாயில் எறிதல் கூடாது. உலர்த்தி எருவாக்குதலே முறை. வெளிறிய நீலமலரைத் தேர்ந்து நடுபவர் தம் முற்றத்தை அழகு செய்வதோடு, அருகி வரும் நாட்டு மலரொன்றுக்கு வாழ்விடமும் அளிப்பவராவர்.